ரிப்போர்ட்டில் கையெழுத்திடும் டாக்டர்

 

2012-இல் கடையநல்லூர் வட்டாரத்தை டெங்கு ஆட்டிப் படைத்ததை நாம் மறந்திருக்க மாட்டோம். காய்ச்சல் கண்ட வீட்டிலெல்லாம் கேட்ட கேள்வி, "பிளேட்லெட் எத்தனை இருக்கு?" என்பதுதான். இப்படி இரத்தத்தையும் உடல் திசுவையும் ஆராய்ந்து, நோய் இன்னதென்று கண்டு சொல்லும் மருத்துவத் துறைதான் பேத்தாலஜி என்னும் நோயியல்.

லேபில் ஊசி குத்தி இரத்தம் எடுப்பவர்தான் பேத்தாலஜிஸ்ட் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். அவர் லேப் டெக்னீஷியன். அதுவும் மதிப்புள்ள வேலைதான். ஆனால் பேத்தாலஜிஸ்ட் என்பவர் எம்.பி.பி.எஸ். முடித்து, அதன்மேல் எம்.டி.யும் படித்த டாக்டர்.

ஒரு பெண்ணுக்கு மார்பில் கட்டி. சர்ஜன் அதில் சிறு துண்டை எடுத்து ஃபார்மலினில் போட்டு அனுப்புகிறார். அதை மெழுகில் பதித்து, முடியைவிட மெல்லிதாகச் சீவி, சாயமேற்றி, மைக்ராஸ்கோப்பில் பார்க்கிறார்கள். அது சாதாரணக் கட்டியா, புற்றுநோயா என்று எழுதிக் கையெழுத்திடுபவர் பேத்தாலஜிஸ்ட். அந்தப் பெண் அவர் முகத்தைப் பார்த்திருக்கவே மாட்டார். ஆனால் அவருக்கான சிகிச்சை அந்தக் கையெழுத்துக்குப் பிறகே முடிவாகும். ஆகவே, நம் வீட்டில் யாருக்குக் கட்டி அகற்றினாலும், "டெஸ்டுக்கு அனுப்பியாச்சா?" என்று கேளுங்கள். ரிப்போர்ட் வரச் சில நாள் ஆகும், பொறுத்திருங்கள்.

ஒன்றுபோல் தோன்றும் நோய்களைப் பிரித்தறிவது நம் முன்னோர் மதித்த கல்வி. பெரியம்மை வேறு, தட்டம்மை வேறு என்று ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே விளக்கி எழுதியவர் அபூபக்ர் அர்-ராஸி.

நம் காலத்துக்கு வருவோம். சென்னையில் பிறந்த டாக்டர் சுனிதி சாலமன், சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து, வெளிநாடுகளில் பேத்தாலஜி பயிற்சி பெற்றவர். 1973-இல் ஊர் திரும்பி, நுண்ணுயிரியலில் எம்.டி. பெற்று, படித்த கல்லூரியிலேயே பணியாற்றினார். எய்ட்ஸ் நம் நாட்டுக்கு வராது என்று பலரும் நம்பியிருந்த நேரத்தில், சோதித்துப் பார்த்துவிடுவோம் என்று அவரும் மாணவி டாக்டர் செல்லப்பன் நிர்மலாவும் இறங்கினார்கள். 100 பெண்களின் இரத்தத்தைச் சோதித்ததில் 6 பேருக்கு எச்.ஐ.வி. இருந்தது. 1986-இல் இந்தியாவில் அந்நோய் முதன்முதலாக வெளிப்பட்டது இப்படித்தான். 2015-இல் மறைந்த சுனிதிக்கு 2017-இல் பத்மஸ்ரீ வழங்கப்பட்டது.

படிக்கும் வழி இதுதான். பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல் எடுத்து, நீட் எழுத வேண்டும். எம்.பி.பி.எஸ்., பயிற்சி மருத்துவர் காலத்தையும் சேர்த்து ஐந்தரை ஆண்டு. பிறகு முதுநிலை நீட் எழுதி, எம்.டி. பேத்தாலஜி 3 ஆண்டு. நமக்குப் பக்கத்தில், பாளையங்கோட்டையில் 1965 முதல் திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி இருக்கிறது. தமிழகத்தில் முஸ்லிம்களுக்கு 3.5 சதவீத உள் ஒதுக்கீடு உண்டு. 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு எம்.பி.பி.எஸ்.ஸில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடும் உண்டு. சாதிச் சான்றிதழை முன்கூட்டியே வாங்கி வையுங்கள்.

முதுநிலைக் கலந்தாய்வில் பேத்தாலஜி கிடைத்தால் சில வீடுகளில் முகம் சுருங்குகிறது. "வாசலில் போர்டு மாட்ட முடியாதே, கைராசி டாக்டர் என்று பேர் வராதே" என்கிறார்கள். பெண் பிள்ளையாக இருந்தால், "இதுவரை படித்தது போதும், கல்யாணத்தைப் பார்ப்போம்" என்கிறார்கள். கவனியுங்கள்: இத்துறையில் இரவு அழைப்புகள் பெரும்பாலும் குறைவு, குடும்பத்தையும் வேலையையும் சேர்த்து நடத்தலாம். பொறுமையும் கூர்ந்த பார்வையும் உள்ள பிள்ளைக்கு ஏற்ற துறை இது.

நோய்க்கு மருந்து தேடச் சொன்னது நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் வழிகாட்டல். நோய் எதுவென்று தெரியாமல் மருந்தைத் தேடுவது எப்படி? அந்த முதல் படியில் நிற்கிற டாக்டர் உங்கள் பிள்ளையாக இருக்கட்டும். கிடைத்த இடத்தை வேண்டாம் என்று எழுதிக் கொடுக்கும் முன், பிள்ளையிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். டிரஸ்ட் அலுவலகத்துக்கும் வாருங்கள். இன்ஷா அல்லாஹ், சேர்ந்து யோசிப்போம்.