தென்னையில் கட்டாதீர்கள்: புதிதாகப் படகு எடுக்கும் தம்பிகளுக்கு

ஆறுகாட்டுத்துறை, புஷ்பவனம், வெள்ளப்பள்ளம், கோடியக்கரை என்று நம் கரை நெடுகப் பெரும்பாலான ஃபைபர் படகுகள் மணலில் ஏறித்தான் ஓய்வெடுக்கின்றன. கடலில் படகு ஓட்டக் கற்றுக்கொடுக்க ஆள் இருக்கிறது. கரையில் படகைக் கட்டக் கற்றுக்கொடுப்பவர் குறைவு. நம் ஊரில் படகு அதிகம் உடைந்ததோ கரையில்தான். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தது. விடிந்து பார்த்தால் படகுகள் ஒன்றின்மேல் ஒன்றாகக் குவிந்து கிடந்தன. அவற்றில் கட்டாமல் விட்ட படகுகள் கொஞ்சம்தான். தப்பான இடத்தில், தப்பான முறையில் கட்டிய படகுகளே மிகுதி. அதனால்தான் இதைச் சொல்கிறேன்.

1. கயிறு வாங்கப் போவதற்கு முன், படகை எதில் கட்டப் போகிறீர்கள் என்று பாருங்கள். கரையோரத்தில் கைக்கு எட்டுவது தென்னை. அதில்தான் எல்லோரும் கட்டுகிறார்கள். கஜாவில் டெல்டா முழுக்கத் தென்னந்தோப்புகள் படுத்துவிட்டன. நம் வட்டாரத்தில் நிமிர்ந்து நின்ற தோப்பைத் தேட வேண்டியிருந்தது. தென்னையின் தலை பெரியது. குலையும் மட்டையுமாகக் காற்றை வாங்கி வாங்கி அது வேரோடு பெயர்ந்துவிடும், அல்லது நடுவில் முறியும். அதில் கட்டிய படகுக்கு இரட்டைக் கேடு. பிடி போய்விடும், மரமும் படகின்மேலேயே விழும். சவுக்கும் அப்படித்தான், மணலில் நெருக்கி நட்ட இளஞ்சவுக்கு ஒரு படகைப் பிடித்து நிறுத்தாது. அதே இரவில் பனைகள் பெரும்பாலும் நின்றன. பக்கத்தில் முதிர்ந்த பனை இருந்தால் அதன் அடிமரத்தில், தரையிலிருந்து ஒரு முழத்துக்குள் கட்டுங்கள். மேலே கட்டினால் மரத்தை நாமே வளைத்துவிடுவோம். பனை இல்லாத இடத்தில் மரத்தையே நம்ப வேண்டாம். அடுத்ததைச் செய்யுங்கள்.

2. புதைகட்டை போடுங்கள். மணலில் ஊன்றிய முளை எவ்வளவு நீளமானாலும் ஈரம் ஏறியதும் ஆட்டம் கண்டு மேலே வந்துவிடும். கட்டையைப் படுக்கப் புதைத்தால் அதன்மேல் கிடக்கும் மணல் முழுவதும் நமக்காகப் பிடித்துக்கொள்ளும். ஒரு கன மீட்டர் ஈரமணல் ஏறத்தாழ இரண்டு டன் எடை. நாலடி நீளத்தில் வயிரம் பாய்ந்த பனந்துண்டு ஒன்றை எடுத்து, நடுவில் கயிற்றை இரண்டு சுற்றுச் சுற்றி முடியுங்கள். இடுப்பளவு ஆழத்தில் குழி தோண்டுங்கள். படகு எந்தத் திசையில் இழுக்குமோ அதற்குக் குறுக்காகக் கட்டை கிடக்க வேண்டும். கட்டையிலிருந்து படகின் பக்கமாக மேலேறும் சரிவாய் ஓர் ஒடுங்கிய வாய்க்கால் வெட்டி, அதன் வழியே கயிற்றை வெளியே கொண்டுவாருங்கள். கயிறு செங்குத்தாக மேலே வந்தால் கட்டையைப் பிடுங்கப் பார்க்கும். சரிந்து வந்தால் மண்ணோடு இழுத்து அமுக்கும். மணலை மூடும்போது அடுக்கடுக்காகத் தண்ணீர் தெளித்து மிதியுங்கள். ஒரு படகுக்கு நான்கு கட்டை. வேலை பெரியதுதான். ஆனால் புரட்டாசியில் ஒருமுறை போட்டுவிட்டால் தை வரைக்கும் அங்கேயே கிடக்கும். கயிற்றின் நுனியை மட்டும் வெளியே விட்டு ஒரு மிதவையைக் கட்டி வையுங்கள், மணல் மூடினாலும் கண்டுபிடிக்கலாம்.

3. எங்கே நிறுத்துவது? நம் கடலில் ஏற்றவற்றம் சிறியது. அலை வழக்கமாக ஏறும் கோட்டைப் பார்த்துப் பழகியவர்கள் அதற்குப் பத்தடி மேலே நிறுத்திவிட்டுப் போய்விடுகிறார்கள். புயல் நாளில் காற்று தள்ளும் நீர் அந்தக் கோட்டை மதிக்காது. கஜாவுக்குப் பிறகு நம் கரையில் படிந்து கிடந்த கடற்சேற்றைப் பார்த்தவர்களுக்கு அது தெரியும். நடந்தால் கால் புதைந்தது, படகைத் தள்ளவே முடியவில்லை. ஆகவே மணல்மேட்டின் மேல்பக்கம் போங்கள். மேட்டுக்குப் பின்னால் இருக்கும் பள்ளம் காற்றுக்கு மறைவாகத் தெரியும், அங்கே போகாதீர்கள். மேட்டை உடைத்துக்கொண்டு வரும் தண்ணீரும், ஊருக்குள் இருந்து வடிந்து வரும் மழைநீரும் அங்கேதான் பாயும். அணியம் கடலைப் பார்த்து இருக்கட்டும். நீர் ஏறினால் கூரான பக்கம் அதைப் பிளக்கும். பக்கவாட்டில் நிற்கும் படகைத்தான் தண்ணீர் முதலில் உருட்டும்.

4. டிராக்டர் வைத்து இழுக்கும்போது, கயிற்றைப் படகின் மேல்விளிம்பில் உள்ள வளையத்தில் மாட்டாமல் அணியத்தின் அடிப்பக்க வளையத்தில் மாட்டுங்கள். மேலே மாட்டினால் மூக்கு மணலில் குத்தும், பலகையும் பெயரும். அடியில் உருளைக்கட்டை கொடுங்கள். வெறும் மணலில் தேய்த்து இழுத்தால் ஃபைபரின் மேல்பூச்சு போய், உள்ளே இருக்கும் கண்ணாடி இழை தண்ணீர் குடிக்கத் தொடங்கும். அப்படிக் குடித்த படகு நாளுக்கு நாள் கனத்துக்கொண்டே போகும்.

இதில் நான் கெஞ்சிக் கேட்டுக்கொள்வது ஒன்று உண்டு. இழுக்கும் கயிற்றின் நேர்கோட்டில் யாரும் நிற்காதீர்கள், கயிற்றைத் தாண்டாதீர்கள். நைலான் கயிறு நீண்டு நீண்டு கொடுக்கும். அறுந்தால் அந்த நீட்சி முழுவதையும் ஒரே நொடியில் திருப்பி அடிக்கும். கால் எலும்பை முறிக்கும், கண்ணைப் பறிக்கும். சின்னப் பிள்ளைகள் வேடிக்கை பார்க்க வந்தால், அவர்களை விலக்கி நிறுத்திய பிறகுதான் டிராக்டர் நகர வேண்டும்.

5. நாலு பக்கமும் கட்டுங்கள். வாடையும் கொண்டலும் வரும் காலம் என்று வடகிழக்குப் பக்கத்தை மட்டும் இறுக்கிவிட்டு வீட்டுக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள். புயல் ஒரே திசையில் அடிக்காது. நம் பக்கத்தில் அது சுழல்வது கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில். நடுப்பகுதி நேராக நம் தலைக்குமேல் வந்தால், முதலில் வடக்கிலிருந்து காற்று அறையும், பிறகு சற்று நேரம் அடங்கும், அதன்பின் தெற்கிலிருந்து திருப்பி அறையும். நடு நமக்குத் தெற்கே போனால் காற்று வடகிழக்கில் தொடங்கித் தென்கிழக்குக்குத் திரும்பும். வடக்கே போனால் வடமேற்கிலிருந்து தென்மேற்குக்கு. எது நடக்கும் என்று கட்டும்போது யாராலும் சொல்ல முடியாது. கோடியக்கரையில் இது இன்னும் முக்கியம். அங்கே கரை திரும்புகிறது. கிழக்கே வங்கக்கடல், தெற்கே பாக் நீரிணை. வாடைக்குப் பயந்து தெற்குக் கரையில் ஒதுக்கிய படகை, புயல் கடந்தபின் வரும் தென்காற்று நேர்முகமாகப் பிடிக்கும்.

காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அது தள்ளும் விசை நான்கு மடங்காகும். மணிக்கு 50 கிலோமீட்டர் காற்றில் அசையாத படகு, 100 கிலோமீட்டரிலும் அசையாது என்று கணக்குப் போடாதீர்கள்.

6. கயிறு 18 மில்லிமீட்டருக்குக் குறைய வேண்டாம். பழைய பிளாஸ்டிக் கயிறு வெயிலில் கிடந்து வெளுத்திருக்கும். விரலால் தேய்க்கும்போது தூளாக உதிர்ந்தால் அதை வேலிக்குக் கொடுத்துவிடுங்கள். கயிறு அறுவது பெரும்பாலும் இழுவையால் இல்லை, உராய்வால். விளிம்பைத் தொடும் ஒவ்வொரு இடத்திலும் பழைய டயர் டியூபை வெட்டிச் சுற்றுங்கள். என்ஜின் பொருத்தும் சட்டத்திலோ, உட்காரும் குறுக்குப் பலகையிலோ கட்ட வேண்டாம். அணியத்து வளையத்தில் ஒன்று, அமரத்தில் இருபுறமும் இரண்டு, பிறகு படகின் வயிற்றைச் சுற்றி ஒரு கட்டு. முடிச்சு நழுவாததாக இருக்க வேண்டும், நனைந்த பிறகும் கையால் அவிழ்க்கக் கூடியதாகவும் இருக்க வேண்டும். பெரியவர்கள் யாரிடமாவது கண்ணிமுடிச்சைக் கேட்டு, கண்ணை மூடிக்கொண்டு போடும் வரை பழகுங்கள்.

7. மழைநீரை மறக்காதீர்கள். பத்துச் சதுர மீட்டர் வாய் உள்ள படகில் 100 மில்லிமீட்டர் மழை பெய்தால் ஆயிரம் லிட்டர், அதாவது ஒரு டன் தண்ணீர் சேரும். ஐப்பசியில் நமக்கு ஒரே நாளில் அவ்வளவு பெய்வது புதிதில்லை. அந்த எடை, சமமில்லாத மணலில் நிற்கும் ஃபைபரின் அடியைப் பிளந்துவிடும். அடித்துளையும் அடைப்பும் உள்ள படகானால், கரையில் நிற்கும்வரை அடைப்பைக் கழற்றி வையுங்கள். மழை வடிந்துவிடும். கடல்நீர் ஏறினாலும் உள்ளே புகும். படகு லேசில் மிதந்து ஓடாது. கழற்றிய அடைப்பை என்ஜின் கைப்பிடியில் கட்டித் தொங்கவிடுங்கள், கடலில் இறக்கும்போது கண்ணில் படட்டும். எடை வேண்டுமென்று படகு நிறையத் தண்ணீர் ஊற்றி வைக்கிறார்கள் சிலர். எனக்கு அதில் உடன்பாடில்லை. மணல் மூட்டைகளை அடித்தளத்தில் பரவலாக வையுங்கள், போதும்.

8. என்ஜினைக் கழற்றி வீட்டுக்கு, முடிந்தால் மேட்டுத்தெருவில் உள்ள வீட்டுக்கு. நல்ல தண்ணீரில் கழுவிவிட்டு வையுங்கள். டீசல் கேன், வலை, ஐஸ்பெட்டி எதுவும் படகில் வேண்டாம்.

9. பக்கத்துப் படகுக்கும் உங்கள் படகுக்கும் நடுவே ஓர் ஆள் கைநீட்டிப் படுக்கும் அளவாவது இடம் விடுங்கள். இடமே இல்லையென்றால் நடுவில் பழைய டயர்களைத் தொங்கவிடுங்கள். எல்லாப் படகையும் ஒரே கயிற்றில் கோத்துக் கட்டும் வழக்கத்தை விட்டுவிடுவது நல்லது. ஒன்று பிய்த்துக்கொண்டால் வரிசை முழுவதையும் இழுத்துக்கொண்டு போகும். ஒவ்வொரு படகுக்கும் தன் கட்டை, தன் கயிறு.

10. விசைப்படகில் வேலைக்குப் போகிற தம்பிகளுக்கும் ஒன்று. நாகையிலோ கோட்டைப்பட்டினத்திலோ பெரிய படகோடு ஒரு சின்னப் படகைக் கொண்டுபோக நேரலாம். பின்னால் கட்டி இழுத்தால், இரண்டு படகும் ஒரே நேரத்தில் அலையில் ஏறி ஒரே நேரத்தில் இறங்கும் அளவுக்குக் கயிற்று நீளத்தைச் சரிசெய்யுங்கள். இல்லாவிட்டால் வெட்டி வெட்டி இழுக்கும். வேகத்தைக் குறைக்கும்போது ஒருவர் பின்னால் நின்று தொய்ந்த கயிற்றை அள்ள வேண்டும், விசிறியில் சுற்றினால் எல்லாம் நின்றுபோகும். கடல் கலங்கலாக இருந்தால் இழுப்பதை விடுத்துப் பின்தளத்தில் ஏற்றிவிடுங்கள். கவிழ்த்து வைத்தால் தண்ணீர் தங்காது. அடியில் இருபக்கமும் ஆப்புக்கட்டை கொடுத்து, நான்கு மூலையிலும் தனித்தனியாகத் தளத்தின் வளையங்களில் கட்டுங்கள். கைப்பிடிக் கம்பியில் கட்டினால் கம்பியோடு போகும். தளத்து நீர் வடியும் துளைகளையும் புகைக்குழாயையும் மறைக்கக் கூடாது. பின்பக்கம் கனம் ஏறினால் அமரம் தாழும், பின்னலை உள்ளே ஏறும். ஆகவே ஐஸையும் டீசலையும் முன்னால் நகர்த்திச் சமன் பாருங்கள். ஆபத்தில் அந்தச் சின்னப் படகுதான் உயிர்ப்படகு. வெட்டிவிடக் கத்தி ஒன்று கை எட்டும் இடத்திலேயே இருக்க வேண்டும்.

11. வேதாரண்யம் கால்வாய்க்குள் ஒதுக்குகிறவர்கள் இரு கரையிலும் கயிறு போட்டு, நீர் ஏறுவதற்கு இடம் விட்டுத் தளர்த்திக் கட்டுங்கள். இறுக்கிக் கட்டிய படகு நீர் ஏறும்போது ஒரு பக்கம் சாய்ந்து அங்கேயே மூழ்கும்.

12. நாளைப் பற்றி. 1952 நவம்பர் இறுதி, 1977 நவம்பர் 12, 2018 நவம்பர் 16. நம் கரையை மிதித்த பெரும்புயல்கள் ஐப்பசி கார்த்திகையில் வந்தவை. நாகை துறைமுகத்தில் மூன்றாம் எண் கூண்டு ஏறும்போது உங்கள் படகு மேட்டில் ஏறியிருக்க வேண்டும். எட்டு, ஒன்பது, பத்து என்பவை பெரும் அபாயத்துக்கான எண்கள். அவை ஏறிய பிறகு கரையில் செய்ய வேலை எதுவும் மிச்சமிருக்கக் கூடாது. வானிலைத் துறையின் புயல் அறிக்கையையும் ஹைதராபாத்தில் உள்ள கடல் தகவல் மையமான இன்காய்ஸ் தரும் அலை முன்னறிவிப்பையும் கைபேசியிலேயே பார்க்கலாம். வீட்டில் படிக்கிற பிள்ளையிடம் அந்தப் பொறுப்பைக் கொடுங்கள். 2004 டிசம்பர் 26-இல் சுனாமி வந்தபோது நமக்கு எச்சரிக்கை இல்லை. புயலுக்கு இன்று நாள்கணக்கில் முன்கூட்டியே சொல்கிறார்கள். சொல்லியும் கட்டாமல் விட்டால் அந்தக் குறை கடல்மேல் இல்லை.

13. கட்டி முடித்ததும் படகின் நான்கு பக்கத்தையும், பதிவு எண் தெரியும்படி, படம் எடுங்கள். பதிவுச் சான்று, மீனவர் அட்டை, வங்கிப் புத்தகம் மூன்றையும் பிளாஸ்டிக் உறையில் போட்டு வீட்டுப் பெண்கள் கையில் கொடுங்கள். பதிவில்லாத படகுக்கு நிவாரணம் கேட்டு அலைவது பெரும்பாடு. மழைக்கு முன்பே பதிவைப் புதுப்பித்துக்கொள்ளுங்கள்.

14. அதன்பிறகு படகை விட்டு வாருங்கள். இரவில் கயிறு சரியாக இருக்கிறதா என்று பார்க்கப் போகாதீர்கள். நடுவில் காற்று அடங்கும்போது ‘முடிந்துவிட்டது’ என்று டார்ச் விளக்கோடு கரைக்கு ஓடாதீர்கள். அந்த அமைதிக்குப் பின்னால் எதிர்த்திசைக் காற்று தயாராக இருக்கிறது. ஃபைபரை ஒட்டலாம், என்ஜினை மறுபடி வாங்கலாம். வீட்டில் முதியவர்களையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு, இருட்டுவதற்கு முன்பே புயல் பாதுகாப்பு மையத்துக்குப் போய்விடுங்கள். பக்கத்து வீட்டில் தனியாக இருக்கும் பாட்டியையும் கையோடு அழைத்துப் போங்கள்.