கள்ளாமை விரதமும் தேக்கு மரமும்

இல்லறத்தார்க்குரிய ஐந்து அணுவிரதங்களுள் மூன்றாவது கள்ளாமை. பிறர் வீட்டுப் பொருளைத் தொடாதவர் அனைவரும் இவ்விரதத்தை நிறைவாகக் காப்பவர் என்றே நாம் எண்ணிவிடுகிறோம். உமாஸ்வாமி ஆசாரியர் அவ்வாறு எண்ணவில்லை. தத்துவார்த்த சூத்திரத்தின் 7ஆம் அத்தியாயத்தில் இவ்விரதத்தின் அதிசாரங்களை, அதாவது விரதத்தை மாசுபடுத்தும் குற்றங்களை, ஐந்தாகத் தொகுத்துள்ளார். திருடத் தூண்டுதல், திருடிய பொருளை வாங்குதல், அரசின் ஒழுங்கை மீறுதல், அளவில் ஏமாற்றுதல், ஒன்றைப் போன்ற மற்றொன்றைத் தந்து வணிகம் செய்தல் என்பன அவை. இவ்வைந்தும் ஒருங்கே நிகழக்கூடிய இடம் ஒன்றை அண்மையில் கண்டோம். அது ஒரு மரவாடி.

திருத்தணியில் நம் சமூகத்துக் குடும்பம் ஒன்று வீடு கட்டுகிறது. தலைவாயில் நிலைக்கும் கதவுக்கும் தேக்கு வாங்க எம்மையும் உடன் அழைத்தனர். தணிகை நகர் 1960 மார்ச் வரை ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்தில் இருந்து, ஏப்ரல் 1 முதல் சென்னை மாநிலத்தில் சேர்ந்தது. நகரி வழியாகத் திருப்பதி செல்லும் சாலையில் சிறிது தொலைவு போனாலே மாநில எல்லை வந்துவிடும். மரவாடிக்காரர் இரண்டு மூன்று வகைகளைக் காட்டிவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "ஐயா, அந்தப் பக்கத்திலிருந்து ஒரு லோடு வருகிறது. கன அடிக்குப் பாதி விலை. பில் மட்டும் கேட்காதீர்கள்" என்றார். வங்கிக் கடனில் வீடு கட்டும் நண்பர் எம் முகத்தைப் பார்த்தார். அவர் கண்ணில் ஆசை தெரிந்தது. மறைப்பானேன், எம் மனமும் ஒரு கணம் அப்பக்கம் சாய்ந்தது. மறுநாள் வருகிறோம் என்று கூறித் திரும்பினோம். அன்றிரவு நாங்கள் பேசியவற்றுள் பயனுடையவற்றை இங்கே தருகிறோம்.

தேக்கின் பெருமை அதன் வைரத்தில் உள்ளது. மரத்தின் புறத்தே வெளிறிய பகுதியும் அகத்தே பொன்பழுப்பான வைரமும் இருக்கும். வைரத்தில் ஊறியிருக்கும் எண்ணெய்ப் பொருள் கறையானை அண்டவிடாது, நீரையும் தாங்கும். இரும்பாணியை எளிதில் துருப்பிடிக்கவும் விடாது. கப்பல் கட்டுவோர் இதனை நாடியதன் காரணம் இதுவே. 1817இல் பம்பாயில் மலபார்த் தேக்கினால் கட்டப்பட்ட போர்க்கப்பல் ஒன்று, நம் திருகோணமலையின் பெயரைத் தாங்கி, இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூல் துறையில் இன்றும் மிதக்கிறது. ஆயின் இப்பண்பெல்லாம் வைரத்துக்கே உரியவை. வெளிறிய பகுதியைக் கறையான் தயங்காது தின்னும். இளமரத்தில் வெளிறே மிகுதி. வைரம் பெருகப் பல்லாண்டு வேண்டும். நிலம்பூர்த் தோட்டங்களில் மரத்தை 50 முதல் 60 ஆண்டுகள் வளரவிட்டு வெட்டுவது மரபு.

இதனை மறந்ததால் வந்த கேட்டினை மூத்த வாசகர்கள் அறிவர். 1990களில் தேக்குத் தோட்டக் கம்பெனிகள் பல, சில ஆயிரம் ரூபாய் கட்டினால் இருபதே ஆண்டில் பன்மடங்காகும் என்று விளம்பரம் செய்தன. அவற்றுட் பல அந்தப் பத்தாண்டின் இறுதியில் சரிந்தன. நம் குடும்பங்களிலும் பணம் இழந்தோர் உண்டு.

பொறுமையோடு தேக்கு வளர்த்தவர்களும் இருந்தனர். மலபார் அன்று சென்னை மாகாணத்தில் இருந்தது. கப்பல் கட்டுவதற்காகக் காடுகள் ஒழிந்து வருவதைக் கண்ட ஆட்சியர் கொனோலி, 1840களில் நிலம்பூரில் தேக்கு நடச் செய்தார். தேக்கின் கடினமான விதை எளிதில் முளைப்பதில்லை. அதனை முளைக்கச் செய்து தோட்டமாக வளர்த்தவர் சாத்து மேனன் என்னும் உள்ளூர் அதிகாரி. அப்போது நட்டவற்றுள் ஒரு பகுதி இன்றும் காக்கப்படுகிறது. நம் ஆனைமலையில் டாப்சிலிப் காடுகள் வெட்டித் தீர்ந்த நிலையில் இருந்தபோது ஹியூகோ வுட் என்னும் வன அதிகாரி வந்தார். அவர் கைத்தடியால் மண்ணைக் கிளறி, விதை இட்டபடியே நடப்பார் என்பர். 1933இல் மறைந்த அவர், தாம் வளர்த்த மரங்களிடையே அடக்கம் செய்யப்பட்டுள்ளார். டாப்சிலிப் வழியாகப் பரம்பிக்குளம் செல்வோர் கன்னிமாரா தேக்கைக் காணாது திரும்பலாகாது. அதன் அடிமரத்தைச் சுற்றிப் பிடிக்க ஐந்தாறு பேர் கைகோக்க வேண்டும். அதனை வெட்ட முயன்றபோது குருதி பெருகியது என்று அங்குள்ளோர் கூறுவர். ஓரறிவுயிரும் உயிரே எனக் கற்ற நமக்கு அக்கதை வியப்பளிப்பதன்று.

இனிப் பாதிவிலை லோடுக்கு வருவோம். நீலகிரி மாவட்டத்துக் கூடலூர்க் காடுகள் அழிவதைக் கண்டு, நிலம்பூர் கோவிலகத்தைச் சேர்ந்த கோதவர்மன் திருமுல்பாடு 1995இல் உச்ச நீதிமன்றத்தை அணுகினார். 1996 டிசம்பர் 12 அன்று வந்த ஆணை நாடு முழுமைக்கும் பொருந்துவதாயிற்று. மைய அரசின் ஒப்புதல் பெற்ற செயல்திட்டம் இன்றிக் காட்டில் மரம் வெட்டலாகாது என்பது அதன் சாரம். ஆகவே நேர்வழியில் வரும் தேக்கிற்குப் பிறப்பிடம் உண்டு, சான்றும் உண்டு. வனத்துறையின் ஏலம், பட்டா நிலத்து மரம், வெளிநாட்டு இறக்குமதி என எதுவாயினும் வந்த வழியைத் தாள் சொல்லும். மாநிலம் கடக்கும் மரத்துக்காக 2023 டிசம்பரில் தேசியப் போக்குவரத்து அனுமதி முறையையும் மைய அரசு தொடங்கியது. அவ்வனுமதிச் சீட்டிலுள்ள குறியைச் சோதனைச் சாவடியில் கருவி கொண்டு படித்துச் சரிபார்க்கலாம். இத்தனை இருந்தும் பில் கேட்காதீர்கள் என்று ஒருவர் சொல்வாராயின், அம்மரம் எவ்வாறு வந்தது என்பதை அவரே சொல்லிவிட்டார்.

"வெட்டியவன் யாரோ, நாம் விலை கொடுத்துத்தானே வாங்குகிறோம்" என்றார் நண்பர். இதற்கு விடை எல்லைக்கு அப்பாலேயே இருக்கிறது. 2015 ஏப்ரல் 7 அன்று திருப்பதியை அடுத்த சேஷாசலக் காட்டில் செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்று சொல்லி ஆந்திரக் காவல்துறை இருபது பேரைச் சுட்டுக் கொன்றது. இறந்தவர்கள் திருவண்ணாமலை, தருமபுரி முதலிய மாவட்டங்களைச் சேர்ந்த கூலித் தொழிலாளர்கள். திருவண்ணாமலை நம்மவர் ஊர்கள் பல உள்ள மாவட்டம். செம்மரம் வேறு, தேக்கு வேறு என்பது உண்மையே. ஆயினும் அந்த மரம் போய்ச் சேரும் மாளிகையின் உரிமையாளர் எவரும் அக்காட்டில் இல்லை. ஆசாரியர் வாங்குதலையும் தனியே ஓர் அதிசாரமாக வைத்ததன் நுட்பத்தை அன்றிரவுதான் முழுதாக உணர்ந்தோம்.

பர்மாத் தேக்கு என்று பெருமை பேசுவோரும் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். அந்நாடு 2014 ஏப்ரல் முதல் உருட்டு மர ஏற்றுமதியை நிறுத்தியது. 2021இல் ராணுவம் ஆட்சியைக் கைப்பற்றியபின், அரசு மர நிறுவனத்தின் வருவாய் எவர் கைக்குப் போகிறது என்பதனால் அமெரிக்காவும் ஐரோப்பிய ஒன்றியமும் அதன்மீது தடை விதித்தன.

அளவிலும் விழிப்பு வேண்டும். உருட்டு மரத்தின் சுற்றளவில் நான்கில் ஒரு பங்கை அதனாலேயே பெருக்கி, பின்பு நீளத்தால் பெருக்குவது வழக்கம். 4 அடிச் சுற்றளவும் 10 அடி நீளமும் உடைய மரம் 10 கன அடி. வீட்டிலிருந்தே நாடா கொண்டு செல்க. போலியும் உண்டு. ஆப்பிரிக்கத் தேக்கு என்னும் பெயரில், அங்கு நட்டு வளர்த்த உண்மைத் தேக்கும் வருகிறது. இரோக்கோ என்னும் வேறு மரமும் வருகிறது. மெருகும் சாயமும் பூசாத துண்டைக் கேட்டு, புதிதாக இழைக்கச் செய்து முகர்ந்து பாருங்கள். தேக்கில் பதனிட்ட தோலின் வாசனை வரும். நமக்கு உவப்பில்லாத உவமைதான், ஆயினும் தச்சர்கள் அவ்வாறே கூறுகின்றனர். தடவினால் விரலில் எண்ணெய்ப்பசை தெரியும். வெட்டுமுகத்தில் ஆண்டு வளையங்களும் காணும்.

நண்பரின் தாயார் அதுவரை பேசாது கேட்டுக்கொண்டிருந்தார். ஆறு லேசியைகளை விளக்க நாம் குழந்தைகளுக்குச் சொல்லும் நாவல் மரக் கதையை அவர் நினைவூட்டினார். பசித்த அறுவருள் ஒருவன் மரத்தை வேரோடு சாய்க்க எண்ணினான். அடுத்தவன் அடிமரத்தை வெட்ட எண்ணினான். இவ்வாறு குறைந்து குறைந்து, ஆறாமவன் தரையில் உதிர்ந்த பழமே போதும் என்றான். "உதிர்ந்த மரம் கிடைக்காதா, தம்பி?" என்று அவர் கேட்டார்.

கிடைத்தது. காஞ்சிபுரத்தில் இடித்த பழைய வீடொன்றின் உத்திரங்கள் விலைக்கு வந்தன. வீட்டு உரிமையாளரிடம் எழுத்துமூலம் ரசீது பெற்றுக்கொண்டோம். ஆணித்துளை உள்ள பகுதிகளைக் கழித்ததில் சேதம் மிகுதியாயிற்று. அறுப்புக் கூலியும் கூடிற்று. ஆகமொத்தச் செலவு புது மரத்தின் விலையைவிடச் சற்றே குறைவு. அந்தப் பாதிவிலை லோடைவிட நிச்சயம் மிகுதி. அதனால் சன்னல்களுக்கு வேப்ப மரமே போதும் என்று நண்பர் முடிவு செய்தார். உத்திரத்தை இழைத்த ஆசாரி நடுவிலிருந்து ஒரு பழைய ஆணியைப் பிடுங்கி எம் கையில் வைத்தார். அதன் தலையில் மட்டுமே துரு இருந்தது. மரத்தினுள் புதைந்திருந்த பகுதி கருமையாய், வழவழப்பாய் இருந்தது.