கையுறை யாருக்காக?

இரத்தப் பரிசோதனைக்கு வருவோரில் சிலர், செவிலியர் கையுறை அணிவதைக் கண்டதும், "எனக்கு ஏதாவது தொற்று இருக்கிறதா, சிஸ்டர்?" என்று தயக்கத்துடன் வினவுகின்றனர். நாங்கள் கூறும் விடை ஒன்றே: கையுறை உங்களைப் பற்றிய தீர்ப்பு அன்று, எல்லா நோயாளிகளுக்கும் பொதுவான முறை.

இம்முறைக்குக் காரணம் உண்டு. 1986-இல் சென்னை மருத்துவக் கல்லூரிப் பேராசிரியர் சுனிதி சாலமனின் வழிகாட்டுதலில், அவருடைய மாணவி செல்லப்பன் நிர்மலா சேகரித்த இரத்த மாதிரிகள் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் சோதிக்கப்பட்டன. இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பது அப்போதுதான் முதன்முதலில் தெரியவந்தது. இக்கிருமியை உடையவர் பல ஆண்டுகள் அறிகுறியின்றி இருக்கக்கூடும். தோற்றத்தைக் கொண்டு எவரையும் கணிக்க இயலாது. ஆகவே, யாருடைய இரத்தமாயினும் தொற்றுள்ளதாகவே கருதிக் கையாள வேண்டும் என்று 1987-இல் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் பரிந்துரைத்தது. இன்று உலகெங்கும் மருத்துவமனைகள் இந்நெறியையே பின்பற்றுகின்றன.

எச்.ஐ.வி. உள்ளவருக்குப் பயன்படுத்திய ஊசி குத்தினால், தொற்று ஏற்படும் வாய்ப்பு ஏறத்தாழ 1,000-க்கு 3. ஹெபடைடிஸ் பி கிருமியோ, தடுப்பூசி போடாதவரிடம் 100-க்கு 6 முதல் 30 வரை தொற்றவல்லது. உலர்ந்த இரத்தத்திலும் 7 நாள்கள் வரை உயிர்ப்புடன் இருக்கும். இதற்கு 3 தவணைத் தடுப்பூசி உண்டு. ஹெபடைடிஸ் சி-க்குத் தடுப்பூசி இல்லை. ஆயினும் மாத்திரைகளால் குணப்படுத்தலாம்.

ஊழியர் ஒருவரை ஊசி குத்திவிட்டால், காயத்தைப் பிதுக்காமல், ஓடும் நீரில் சோப்பிட்டுக் கழுவ வேண்டும். உடனே மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும். எச்.ஐ.வி. தடுப்பு மருந்து தேவைப்பட்டால், இயன்றவரை 2 மணி நேரத்திற்குள் தொடங்க வேண்டும். 72 மணி நேரம் கடந்தால் பயனில்லை. தொடங்கியபின் 28 நாள்கள் உட்கொள்ள வேண்டும்.

இவ்வேளையில் உங்கள் உதவி பெரிது. உங்கள் இரத்தத்தைச் சோதிக்க நாங்கள் சம்மதம் கேட்கக்கூடும். தொற்று இல்லையெனத் தெரிந்தால், அந்த ஊழியர் பெரும்பாலும் மருந்தை நிறுத்திவிடலாம். அவருடைய குடும்பத்தின் அச்சமும் நீங்கும். சம்மதமின்றி எச்.ஐ.வி. பரிசோதனை செய்வதையும் முடிவைப் பிறருக்கு வெளியிடுவதையும் 2017-ஆம் ஆண்டின் எச்.ஐ.வி. சட்டம் கட்டுப்படுத்துகிறது. நீங்கள் மறுத்தாலும் உங்கள் சிகிச்சையில் குறை நேராது.

குடும்பத்தினர் கவனத்திற்கு:

இரத்தம் எடுக்கையில் குழந்தையின் கையை அசையாமல் பிடித்துக்கொள்ளுங்கள். அந்நேரத்தில் செவிலியரின் கையைத் தொடாதீர்கள்.

கட்டிலிலோ தரையிலோ ஊசி கிடந்தால் எடுக்காதீர்கள், எங்களை அழையுங்கள். அது துளைபடாத வெள்ளைப் பெட்டியில் சேர வேண்டியது.

வீட்டில் இன்சுலின் போடுவோர், பயன்படுத்திய ஊசியை உடனே கெட்டியான பிளாஸ்டிக் டப்பாவில் இட்டுத் திருகு மூடியால் மூடுங்கள். டப்பாவின் மேல் 'ஊசி' என்று எழுதி, மற்றக் குப்பையோடு கலக்காமல், வீட்டு அபாயக் கழிவாகத் தனியே கொடுங்கள். அம்பத்தூரிலும் ஆவடியிலும் பூந்தமல்லியிலும் காலைதோறும் உங்கள் வாசலுக்கு வரும் தூய்மைப் பணியாளர், பையைக் கையால் பிரித்தே குப்பையைத் தரம் பிரிக்கிறார். செவிலியருக்கு நேரக்கூடிய அதே காயம் அவருக்கும் நேரக்கூடும்.