கரை உடையுமுன் காத்தல்

ஏரிப் பாசனத்தில் பழகிய உழவர் அனைவரும் ஓர் உண்மையை அறிவர். கரையிலுள்ள நண்டு வளையின் வழியே நீர் கசியத் தொடங்கும்போது சில கூடை மண்ணைக் கொண்டு அதை அடைத்துவிடலாம். கவனியாது விட்டால், கசியும் நீரே மண்ணை அரித்து வழியைப் பெரிதாக்கும்; பெரிதான வழியில் நீர் மேலும் விரைந்து பாயும். ஒரு நிலைக்குமேல் ஊரே திரண்டு வந்தாலும் உடைப்பைத் தடுக்க இயலாது.

உலகின் தட்பவெப்ப நிலையிலும் இத்தகைய எல்லைகள் உண்டு என்று விஞ்ஞானிகள் கூறுகின்றனர். எல்லையைக் கடந்தபின் மாறுதல் தன்னைத்தானே வளர்த்துக்கொள்ளும். முதற்காரணத்தை அகற்றினாலும் பழைய நிலை எளிதில் திரும்பாது. இதனை மீளா எல்லை என்று நாம் கூறலாம்.

காடு தரும் மழை

தென் அமெரிக்காவிலுள்ள அமேசான் காடு இதற்குத் தக்க சான்றாகும். அட்லாண்டிக் கடலிலிருந்து வரும் காற்று அங்கு மழையைப் பொழிகிறது. மரங்கள் அந்நீரை வேரால் உறிஞ்சி, இலைகளின் வழியே ஆவியாக வெளிவிடுகின்றன. அவ்வாவி மீண்டும் மேகமாகி, மேற்கேயுள்ள காட்டில் பெய்கிறது. அமேசான் பெறும் மழையில் ஏறத்தாழப் பாதி இவ்வாறு காட்டிலிருந்தே கிடைக்கிறது என்பதைப் பிரேசில் விஞ்ஞானி எனியாஸ் சலாட்டி 1970-களில் எடுத்துக்காட்டினார். ஆண்டிஸ் மலைத்தொடரால் தடுக்கப்பட்டுத் தெற்கே திரும்பும் காற்று, தென்பகுதி வயல்களுக்கும் இந்த ஈரத்தைக் கொண்டு செல்கிறது.

மேய்ச்சலுக்கும் சோயா சாகுபடிக்கும் காடு அழிக்கப்படுகிறது. மரம் குறைய ஆவி குறைகிறது. ஆவி குறைய மழை குறைகிறது. காய்ந்த காட்டில் தீ பரவி மேலும் மரங்கள் மடிகின்றன. நிலம் வேண்டிக் காட்டை அழிப்பவர், அந்நிலத்திற்கு வேண்டிய மழையையும் சேர்த்தே அழிக்கின்றனர். புவியின் வெப்பம் உயர்வதும் இவ்வழிவை விரைவுபடுத்துகிறது.

காட்டில் 20 முதல் 25 சதவீதம் அழிந்தால், அதன் பெரும்பகுதி மரம் செறியாத புல்வெளியாக மாறக்கூடும் என்று தாமஸ் லவ்ஜாய், கார்லோஸ் நோப்ரே ஆகிய அறிஞர்கள் 2018-ல் எச்சரித்தனர். ஏறத்தாழ 17 சதவீதம் ஏற்கெனவே அழிந்துவிட்டது. மனாஸ் நகரில் 1902 முதல் ரியோ நீக்ரோ ஆற்றின் நீர்மட்டம் குறிக்கப்பட்டு வருகிறது. 2023-ல் அது அதுவரை காணாத அளவு தாழ்ந்தது. 2024-ல் அதனினும் தாழ்ந்தது.

உலகனைத்திற்கும் உரிய ஆபத்து

அமேசான் மரங்கள் தம்முள் சேர்த்து வைத்துள்ள கரி, அவை மடியும்போது வாயுவாகி வானில் கலந்து வெப்பத்தை மேலும் உயர்த்தும். கிரீன்லாந்தின் பனிப்படலத்திற்கும் மீளா எல்லை உண்டு. பனி உருக உருக அதன் மேற்பரப்பு தாழ்ந்து, வெப்பம் மிகுந்த காற்றில் அமைகிறது. ஆகவே மேலும் உருகுகிறது. அது முழுதும் உருகப் பல நூற்றாண்டுகள் ஆகுமாயினும், உருகினால் உலகக் கடல்மட்டம் சுமார் 7 மீட்டர் உயரும். நம் கடற்கரையும் அதற்கு விலக்கன்று.

காலத்தே செய்யும் பணி

பிரேசில் பகுதியில் 2004-ல் மட்டும் 27,000 சதுர கிலோமீட்டருக்கும் மேற்பட்ட காடு அழிந்தது. செயற்கைக்கோள் கண்காணிப்பும் சட்ட நடவடிக்கையும் வலுப்பெறவே, 2012-ல் அவ்வழிவு 5,000 சதுர கிலோமீட்டருக்கும் கீழே குறைந்தது. பின்னர்க் கண்காணிப்புத் தளர்ந்தபோது மீண்டும் பெருகியது. காத்தல் ஓராண்டு வேலையன்று என்பதை இதனால் உணர்கிறோம்.

மீளா எல்லை எவ்விடத்தில் உள்ளதென்று துல்லியமாக எவராலும் சொல்ல இயலாது. அதனால் காத்திருக்கலாம் என்று எண்ணுவது தவறு. இருளில் கிணற்றோரம் நடப்பவர், விளிம்பு தெரியாத காரணத்தாலேயே விலகி நடப்பார் அல்லவா?

ஓர் ஊராட்சி தனித்து நின்று அமேசானைக் காக்க இயலாது. ஆயினும் இவ்விதி நம் ஊரிலும் செல்லும். கடலோரக் கிணறுகளில் அளவுக்கு மீறி நீர் இறைத்தால் உப்புநீர் உட்புகும். பின்பு இறைப்பதை நிறுத்தினாலும் நன்னீர் திரும்பப் பல ஆண்டுகள் ஆகும். ஆதலால் கிணற்றின் நீர்மட்டத்தையும் ஏரிக்கரையையும் தோப்பையும் கிராம சபை ஆண்டுதோறும் ஆராய்தல் வேண்டும். கசிவைக் கண்ட அன்றே அடைப்போமாக!