பொம்மையார்பாளையத்திலிருந்து வெளிநாட்டுக்கு: பாஸ்போர்ட் எடுக்க ஒரு முழுமையான வழிகாட்டி

பொம்மையார்பாளையத்துக்காரர்களுக்கு எல்லை தாண்டுவது தினசரி வேலை. கோட்டக்குப்பம் முடிந்ததும் முத்தியால்பேட்டை. தமிழ்நாடு போய்ப் புதுச்சேரி வந்துவிடும். யாரும் எந்த அட்டையையும் கேட்பதில்லை. 1954 நவம்பர் 1 அன்று புதுச்சேரி நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வரும்வரை அதே இடம் பிரெஞ்சுக்காரர்களின் எல்லையாக இருந்தது.

இன்று அந்த எல்லை வேறு விதத்தில் படுத்துகிறது. பிறந்தது அந்தப் பக்கம், வீடு இந்தப் பக்கம், படிப்பு இரண்டு பக்கமும் என்று ஒரே ஆளின் காகிதங்கள் இரண்டு நிர்வாகங்களில் சிதறிக் கிடக்கின்றன. அதனால் இந்த வழிகாட்டியில் கணிசமான பகுதி, விண்ணப்பிப்பதற்கு முன் வீட்டில் செய்ய வேண்டிய வேலையைப் பற்றியது.

படி 1: காகிதங்களைப் பரப்பி வைத்து ஒப்பிடுங்கள்

ஆதார், வாக்காளர் அட்டை, பான், பத்தாம் வகுப்புச் சான்றிதழ் அல்லது டி.சி., பிறப்புச் சான்றிதழ், போட்டோ ஒட்டிய வங்கிப் பாஸ்புக். எல்லாவற்றையும் வரிசையாக வைத்து உங்கள் பெயர், அப்பா பெயர், பிறந்த தேதி மூன்றையும் எழுத்து எழுத்தாகப் பாருங்கள். ஒன்றில் ‘ஏழுமலை’க்கு ஆங்கிலத்தில் இசட்-எச் போட்டிருப்பார்கள், இன்னொன்றில் எல் மட்டும் இருக்கும். நமக்கு இரண்டும் ஒரே ஆள். கம்ப்யூட்டருக்கு இரண்டு ஆள்.

எதை எதற்கு ஏற்ப மாற்றுவது என்று குழம்ப வேண்டாம். பள்ளிச் சான்றிதழைத் திருத்துவது நீண்ட அலைச்சல். அதில் இருப்பது சரியென்றால் ஆதாரை அதற்கு ஏற்பத் திருத்துங்கள். ஆனால் ஆதாரில் பெயரை இரண்டு முறையும் பிறந்த தேதியை ஒரே ஒரு முறையும்தான் மாற்றலாம். அவசரப்பட்டு அந்த வாய்ப்பை வீணாக்காதீர்கள்.

பிறந்த ஊர் தனி விவகாரம். இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் பலர் ஜிப்மர் மருத்துவமனையில் பிறந்தவர்கள். ஜிப்மர் இருப்பது கோரிமேட்டில்; அங்கே பிறந்தால் பிறப்பைப் பதிவது உழவர்கரை நகராட்சி. ஆகவே விண்ணப்பத்தில் பிறந்த இடம் புதுச்சேரி, முகவரி விழுப்புரம் மாவட்டம். சொந்த ஊர் இதுதானே என்று பிறந்த இடத்திலும் பொம்மையார்பாளையம் என்று எழுதிவிட்டால் சான்றிதழும் விண்ணப்பமும் முட்டிக்கொள்ளும்.

2023 அக்டோபர் 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்த குழந்தைகளுக்குப் பிறந்த தேதிக்கான சான்று பிறப்புச் சான்றிதழ் ஒன்றுதான். வேறு எதுவும் செல்லாது. பெரியவர்கள் டி.சி., பான், ஓட்டுநர் உரிமம் போன்றவற்றையும் காட்டலாம். குழந்தையின் பெயர் சேர்க்காத பிறப்புச் சான்றிதழ் வீட்டில் இருந்தால் முதலில் நகராட்சிக்குப் போய்ப் பெயரைச் சேருங்கள்.

படி 2: இனிஷியலை விரித்து எழுதுங்கள்

பாஸ்போர்ட்டில் இனிஷியலுக்கு இடமில்லை. ‘க. முருகன்’ என்பவர் இயற்பெயர்க் கட்டத்தில் முருகன் என்றும், குடும்பப்பெயர்க் கட்டத்தில் அப்பாவின் முழுப்பெயரையும் எழுதலாம். குடும்பப்பெயரைக் காலியாக விடவும் இந்தியச் சட்டத்தில் தடையில்லை. ஆனால் நான் விட வேண்டாம் என்பேன். 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், ஒற்றைப் பெயர் மட்டும் உள்ள பாஸ்போர்ட்டோடு சுற்றுலா விசாவில் வருபவர்களை அனுமதிக்க முடியாது என்றது. பாஸ்போர்ட்டின் இன்னொரு பக்கத்தில் அப்பா பெயர் இருந்தால் போதும் என்று பிறகு தளர்த்தினார்கள். அந்தச் சில நாட்களில் தவித்தவர்களில் இனிஷியலோடு வளர்ந்த தமிழர்கள் இல்லாமல் இருந்திருக்க முடியாது.

படி 3: விண்ணப்பம், கட்டணம், மையம்

அரசின் இணையதளம் ஒன்றுதான்: பாஸ்போர்ட்இந்தியா டாட் ஜிஓவி டாட் இன். பெயரில் ஓரெழுத்து மாற்றி, அசோகச் சின்னத்தையும் போட்டுப் பணம் பிடுங்கும் போலித் தளங்கள் உண்டு. கைபேசியிலேயே செய்யலாம், பழக்கமில்லாவிட்டால் இ-சேவை மையத்தில் உதவி கேளுங்கள். ஏஜென்ட் அவசியமில்லை.

விழுப்புரம் மாவட்டம் சென்னை மண்டலப் பாஸ்போர்ட் அலுவலகத்தின் கீழ் வருகிறது. நேரில் போக விழுப்புரம் அஞ்சலகப் பாஸ்போர்ட் மையம் இருக்கிறது. அதைவிடப் பக்கம் புதுச்சேரி மையம். மாநிலம் வேறாயிற்றே என்று தயங்க வேண்டாம். 2018 முதல் நாட்டின் எந்த மையத்திலும் விண்ணப்பிக்கலாம். எங்கே சீக்கிரம் தேதி கிடைக்கிறதோ அங்கே போங்கள்.

முகவரியில் ஒரு கண்ணி உண்டு. நம் பின்கோடு 605 என்று புதுச்சேரி வரிசையில் தொடங்கும். மாநிலம் தமிழ்நாடு, மாவட்டம் விழுப்புரம் என்று நீங்கள்தான் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஊர்ப் பெயரின் ஆங்கில எழுத்துகளும் அட்டைக்கு அட்டை மாறும். முகவரிச் சான்றாகக் காட்டப்போகும் அட்டையில் உள்ளபடியே எழுதுங்கள்.

36 பக்கப் புத்தகத்துக்கு 1,500 ரூபாய், 60 பக்கத்துக்கு 2,000. தட்கல் என்றால் கூடுதலாக 2,000. பெரியவர்களுக்கு 10 ஆண்டு செல்லும். 18 வயதுக்குக் கீழே 1,000 ரூபாய், பொதுவாக 5 ஆண்டு.

படி 4: மையத்துக்குப் போகும் நாள்

ஒரிஜினல்கள், ஒவ்வொன்றுக்கும் ஜெராக்ஸ், விண்ணப்ப எண். இவ்வளவுதான். போட்டோவும் கைரேகையும் அங்கேயே எடுப்பார்கள். 4 வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு மட்டும் வெள்ளைப் பின்னணியில் எடுத்த படம் கொண்டு போக வேண்டும். திரையில் காட்டும் பெயரையும் தேதியையும் நிதானமாகப் படித்த பிறகே சரி என்று சொல்லுங்கள். அன்று போக முடியாவிட்டால் பணம் போய்விடாது. ஓராண்டுக்குள் மூன்று முறை தேதியை மாற்றிக்கொள்ளலாம்.

படி 5: போலீஸ் வெரிஃபிகேஷன்

இப்போது எங்கே வசிக்கிறீர்களோ அந்த முகவரிக்குத்தான் விசாரணை வரும். சென்னையில் வேலை, வீடு மட்டும் ஊரில் என்றால் எந்த முகவரியைக் கொடுப்பது என்று முன்பே யோசியுங்கள். ஆள் இல்லாத முகவரி என்று அறிக்கை போனால் விண்ணப்பம் அங்கேயே நிற்கும்.

வழக்குகளை மறைக்காதீர்கள். கடற்கரைக் குப்பங்களில் என்றோ நடந்த கோஷ்டித் தகராறில் இருபது பேரோடு உங்கள் பெயரும் சேர்ந்திருக்கலாம். நீதிமன்றத்தில் வழக்கு நிலுவையில் இருந்தால் அந்த நீதிமன்றத்தின் அனுமதி ஆணையோடு விண்ணப்பிக்க வழியுண்டு. ஆணையில் காலம் குறிப்பிடாவிட்டால் ஓராண்டுக்கு மட்டும் பாஸ்போர்ட் கிடைக்கும். மறைத்து மாட்டினால் 1967ஆம் ஆண்டுப் பாஸ்போர்ட் சட்டத்தில் அதுவே தனிக் குற்றம்.

எல்லாம் முடிந்தால் ஸ்பீடு போஸ்ட்டில் வீட்டுக்கு வரும். 2025 மார்ச் முதல் சென்னை அலுவலகம் சிப் பொருத்திய இ-பாஸ்போர்ட்டைத் தருகிறது.

பத்தாவது முடிக்காதவர்கள் கவனத்துக்கு

பத்தாவது தேறாதவர்களின் பாஸ்போர்ட்டில் பொதுவாக ‘ஈசிஆர்’ என்ற நிலை வரும். நம் கிழக்குக் கடற்கரைச் சாலைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. குடியேற்றச் சோதனை தேவை என்று அர்த்தம். 1983ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டப்படி, இந்த நிலையில் உள்ளவர்கள் சவுதி, குவைத், கத்தார், மலேசியா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போகும் முன் இ-மைக்ரேட் தளம் வழியாக அனுமதி பெற வேண்டும். சிங்கப்பூர் இந்தப் பட்டியலில் இல்லை.

‘சுற்றுலா விசாவில் போய்விடு, அங்கே போய் மாற்றிக்கொள்ளலாம்’ என்று ஏஜென்ட் சொன்னால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள். அப்படிப் போனவருக்கு ஒப்பந்தமும் இருக்காது, காப்பீடும் இருக்காது. பதிவுபெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்தின் உச்சவரம்பு 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும். லட்சங்களில் பேசுபவரிடம் பதிவு எண்ணைக் கேளுங்கள். போன இடத்தில் முதலாளி பாஸ்போர்ட்டைப் பூட்டி வைத்தால், அது இந்திய அரசின் சொத்து என்று பாஸ்போர்ட் சட்டத்தின் 17ஆம் பிரிவே சொல்கிறது. தூதரகத்தில் புகார் செய்யலாம்.

பிரெஞ்சு உறவு உள்ள குடும்பங்கள்

1962 ஆகஸ்ட் 16 அன்று இணைப்பு ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தபோது, புதுச்சேரியில் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தக்கவைக்க விரும்பியவர்களுக்கு ஆறு மாத அவகாசம் தந்தார்கள். அதன் தொடர்ச்சியாக இன்றும் அத்தை வீட்டிலோ மாமா வீட்டிலோ பிரெஞ்சுப் பாஸ்போர்ட் இருக்கும். கல்யாணத்துக்குப் பிறகு நீங்களும் அந்தக் குடியுரிமையைப் பெற்றால், இந்தியப் பாஸ்போர்ட்டை ஒப்படைத்துச் சான்று வாங்கியாக வேண்டும். இந்தியாவில் இரட்டைக் குடியுரிமை கிடையாது. ஊரோடு தொடர்பு வேண்டுமென்றால் ஓசிஐ (வெளிநாட்டுவாழ் இந்தியக் குடிமகன்) அட்டைக்கு விண்ணப்பிக்கலாம். அதை வைத்து ஓட்டுப் போட முடியாது, விவசாய நிலம் வாங்க முடியாது.

பாஸ்போர்ட் தேவைப்படாத இடங்கள்

நேபாளமும் பூடானும். அங்கேயும் வெறும் கையோடு போக முடியாது. பாஸ்போர்ட் இல்லையென்றால் வாக்காளர் அட்டை வேண்டும். ஆதார் 15 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்கும் 65 வயதைக் கடந்தவர்களுக்கும்தான் செல்லும்.

மீனவர் அடையாள அட்டை நம் கடலில் நம் கடலோரக் காவல் படையிடம் காட்டுவதற்கு. 1974, 1976 ஒப்பந்தங்கள் வகுத்த இலங்கைக் கடல் எல்லைக்கு அப்பால் அதற்கு எந்த மதிப்பும் இல்லை. நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பலில் போவதாக இருந்தாலும் பாஸ்போர்ட் கட்டாயம்.

டிக்கெட் எடுக்கும் முன்

பல நாடுகள் பாஸ்போர்ட்டில் இன்னும் ஆறு மாதமாவது செல்லுபடிக் காலம் இருக்க வேண்டும் என்கின்றன. விசா விதிகள் அடிக்கடி மாறுவதால் அந்தந்த நாட்டின் அரசுத் தளத்திலேயே பாருங்கள். விசா கேட்காத நாடுகூட வருகைப் படிவம் கேட்கும். தாய்லாந்து, மலேசியா, சிங்கப்பூர் மூன்றுக்கும் அதை ஆன்லைனில் முன்கூட்டியே நிரப்ப வேண்டும். டிக்கெட்டில் உள்ள பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே இருக்கட்டும்.

படம் உள்ள பக்கத்தின் நகல் ஒன்று வீட்டில் இருக்கட்டும், இன்னொன்று கைபேசியில். வெளிநாட்டில் தொலைந்தால் முதலில் உள்ளூர்ப் போலீஸில் புகார், பிறகு இந்தியத் தூதரகம். அவசரமென்றால் அங்கே அவசரச் சான்றிதழ் தருவார்கள். அதை வைத்து இந்தியா திரும்பலாம், வேறு நாட்டுக்குப் போக முடியாது.