கோழிக்கால் குடிசையை எழுப்புவோம்: ஒரு பாப்-அப் புத்தகப் பாடம்

புத்தகத்தைத் திறந்தா ஒரு வீடு எழுந்து நிற்குது. மூடினா காணாமப் போகுது. "இது சின்னப் பசங்க சமாச்சாரம்"னு நினைக்கிறீங்களா? உள்ளே இருக்கிறது முழுக்க கைனமேட்டிக்ஸ்தான். இந்தக் கலையில் பெரிய பெயர் எடுத்த செக் நாட்டுக்காரர் வொய்தியெக் குபாஷ்தா (1914–1992) ப்ராகில் கட்டடக்கலை படித்தவர். அதனால தைரியமா உள்ளே வாங்க.

கதை என்ன?

அஃபனாசியெவ் 1855 முதல் 1863 வரை வெளியிட்ட ரஷ்ய நாட்டுப்புறக் கதைத் தொகுப்பில் வரும் 'அழகி வாசிலிசா'வை எடுத்துக்குவோம். சாகும் முன் அம்மா ஒரு பொம்மையைக் கொடுத்துட்டுப் போறாங்க. வீட்டில் விளக்கு அணைஞ்சதும், காட்டுக்குள்ள இருக்கும் சூனியக்காரி பாபா யாகாகிட்ட போய் நெருப்பு வாங்கி வரச் சொல்லி வாசிலிசாவை அனுப்பிடுறாங்க. வழியில் வெள்ளை, சிவப்பு, கறுப்புக் குதிரை வீரர்கள் கடந்து போறாங்க: விடியல், சூரியன், இரவு. கடைசியில் அவளுக்குக் கிடைக்கிற நெருப்பு, கண்கள் எரியும் ஒரு மண்டையோடு.

1. எது எழும், எது எழாது?

எல்லாத்தையும் எழுப்பினா எதுவுமே மனசில் நிக்காது. கதையில் திருப்பம் வரும் இடத்தில் மட்டும் காகிதம் அசையட்டும். பொம்மையைச் சின்னப் பையில் செருகிடுங்க, படிக்கிறவர் தேடி எடுக்கட்டும். வீரர்களுக்கு ஒரு சுழல் வட்டு: 120° இடைவெளியில் மூன்று பேரை வரைந்து, மேல் தாளில் ஒரு ஜன்னல் வெட்டினா போதும். வட்டைச் சுத்தச் சுத்த பொழுது மாறும். முழு விரிப்பும் எழுந்து நிற்க வேண்டியது குடிசைக்கு மட்டும்தான்.

2. குடிசை: வி-மடிப்பு

பாபா யாகாவின் குடிசை கோழிக்கால் மேல நிற்கும் என்பது பல கதைகளில் வரும் அடையாளம். ஒரே அட்டையில் குடிசையையும் இரண்டு கால்களையும் வரைந்து, கால்களுக்கு நடுவே வெட்டி எடுத்துடுங்க. குடிசையின் நடுவில் ஒரு மடிப்பு. இடது காலை இடது பக்கத்திலும் வலது காலை வலது பக்கத்திலும் ஒட்டணும். ஒட்டும் கோடுகள் இரண்டும் புத்தகத்தின் நடுமடிப்போட 45° கோணத்தில் ஒரு 'வி' மாதிரி சேரணும். அட்டையின் அடிவிளிம்பு குடிசையின் மடிப்புக்கு 90°-ல் இருந்தா, பக்கம் முழுசா விரியும்போது குடிசை நேரா நிற்கும்.

இப்போ முக்கியமான கேள்வி: மூடும்போது வெளியே நீட்டுமா? குடிசையின் மேல்மூலை நடுமடிப்பிலிருந்து எவ்வளவு தூரம் போகும்னு பாருங்க:

பாதி அகலம் × சைன் 45° + உயரம் × காஸ் 45°

பக்கத்தின் அகலம் 15 செ.மீ., குடிசையின் பாதி அகலம் 4, உயரம் 18 என்றால், 22 × 0.707 = 15.6 செ.மீ. அதாவது 6 மி.மீ. வெளியே நீட்டும். உயரத்தை 16 ஆக்கினா 14.1 செ.மீ., அடங்கிடும். இன்னொண்ணு, 'வி'யின் முனை எந்தப் பக்கம் பார்க்குதோ அந்தப் பக்கம்தான் குடிசை சாயும். அங்கே குறைந்தது 16 × 0.707 = 11.3 செ.மீ. இடம் விட்டிருக்கணும்.

3. படம்

இவான் பிலிபின் (1876–1942) இந்தக் கதைக்கு வரைந்த படங்களைத் தேடிப் பாருங்க. தடித்த கறுப்புக் கோடு, தட்டையான நிறம், ஓரமெல்லாம் அலங்காரப் பட்டை. பாப்-அப்புக்கு இந்த வழி நல்லாப் பொருந்தும். ஏன்னா எழுந்து நிற்கும் காகிதம் தன் நிழலைத் தானே போட்டுக்கும். நாம வேற நிழல் வரைஞ்சா ரெண்டும் மோதும். தடித்த கோடு இருந்தா கத்தி கொஞ்சம் விலகினாலும் தெரியாது.

மண்டையோட்டைச் சிரிக்கிற கார்ட்டூனா மட்டும் மாத்திடாதீங்க. வீட்டுக்கு வேண்டிய வெளிச்சமே பயமுறுத்துற ஒண்ணுகிட்ட இருந்துதான் வருது, கதையின் உயிரே அதுதான். கண்களை வெட்டி எடுத்து, பின்னால் மஞ்சள் கண்ணாடித்தாள் ஒட்டுங்க. செல்போன் டார்ச்சைப் பின்னால் பிடிச்சா நிஜமாவே எரியும்.

4. தாள்

200 முதல் 250 ஜிஎஸ்எம் அட்டை போதும். இரண்டு திசையிலும் லேசா வளைச்சுப் பாருங்க. எந்தப் பக்கம் சுலபமா வளையுதோ, இழை அந்த மடிப்புக்கு இணையா ஓடுது. முக்கிய மடிப்பும் அதே திசையில் வரட்டும். இல்லேன்னா மடிப்பில் வெடிப்பு விழும். மடிக்கிறதுக்கு முன்னாடி மை தீர்ந்த பால்பாயிண்ட் பேனாவால் ஸ்கேல் வச்சு அழுத்திக் கோடு போட்டுக்கோங்க. ஈரப் பசை அட்டையை நெளிக்கும், இருபக்க டேப் நல்லது.

நிறம் தீட்டுறதுக்கு முன்னாடி சாதா வெள்ளைத் தாளில் ஒரு மாதிரி செய்து, ஐம்பது தடவை திறந்து மூடுங்க. கிழியற இடம் எதுன்னு அதுவே சொல்லிடும். இந்த வார இறுதிக்கு குடிசை மட்டும் போதும். அது மூடும்போது முழுசா உள்ளே அடங்கிட்டா, மீதிக் கதையைத் தைரியமா ஆரம்பிக்கலாம்.