அதிரசமும் கோடைத் திருமணமும்

சென்னைக்கு வடக்கே, கடலுக்கும் ஏரிக்கும் அருகே அமைந்தவை பழவேற்காட்டு மீனவர் சிற்றூர்கள். கோடையில் அங்கே வெயிலும் உப்புக் காற்றின் ஈரமும் ஒருங்கே வருத்தும். அப்பருவத்தில் திருமணம் நிகழுமாயின், சீர்த்தட்டில் வைக்கும் பணியாரம் சில நாளேனும் கெடாதிருத்தல் வேண்டும். பாலேடு பூசிய கேக்கு ஒரு பகலும் தாங்காது. அதிரசமோ ஒரு வாரம் தாங்கும்.

இதன் காரணம் யாது? ஊறிய பச்சரிசியை நிழலில் உலர்த்தி, ஈரம் முற்றும் நீங்குமுன் இடித்துச் சலிப்பர். வெல்லப்பாகின் துளியைத் தண்ணீரில் இட்டால், அது கரையாது மென்மையான உருண்டையாகத் திரளுதல் வேண்டும், அதுவே பதம். பாகு இளகினால் மாவு எண்ணெயிற் பிரிந்துவிடும். முற்றினால் பணியாரம் கல்லாகும். ஏலமும் சுக்கும் கூட்டிப் பிசைந்த மாவை ஓரிரு நாள் மூடிவைப்பர். பின்னர் வாழையிலையில் தட்டி, அழகுற எள் பதித்து, இளந்தீயிற் சுட்டு, எண்ணெய் வடிய அழுத்தி எடுப்பர்.

மாவிலுள்ள நீரை வெல்லம் தன்பாற் பிணித்துக்கொள்கிறது. எண்ணெயின் வெப்பம் மேலும் உலர்த்துகிறது. போதிய நீர் கிட்டாமையால் நுண்ணுயிர்கள் எளிதிற் பெருகா. ஆயினும் வெல்லம் காற்றின் ஈரத்தை ஈர்க்கும் இயல்பினது. ஆதலின் அதிரசத்தை நன்கு ஆறவைத்து, இறுக மூடிய பாத்திரத்தில் இடுவர். சூட்டோடு மூடினால் ஆவி நீராகிப் பூசணம் பூக்கும்.

இவ்வறிவு கைப்பழக்கத்தால் வருவது. பாட்டியின் அருகமர்ந்து பதம் பார்க்கப் பழகுவார் இல்லையேல், அஃது அவரோடு மறைந்துவிடும்.